உங்களுக்குத் தெரியுமா? கண்ணாடி வால்வும் ஹெவி மெட்டலும்

ஹெவி மெட்டல் வாசிக்கும் கிட்டார்காரர்கள் இரண்டு பேர் முதன்முதலாகச் சந்தித்தால், பேச்சு விரல் வித்தையில் தொடங்குவது அபூர்வம். "என்ன ஆம்ப் வச்சிருக்கே?" என்றுதான் தொடங்கும். ஆம்ப் என்பது கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி; அதற்கு உயிரான கண்ணாடி வால்வை, ரேடியோவும் டிவியும் கைவிட்டு அரை நூற்றாண்டு ஆகியும், இந்தக் கூட்டம் இன்னும் விடவில்லை. ஏன் விடவில்லை என்பதற்கான காரணங்கள் கீழே துண்டு துண்டாகக் கிடக்கின்றன.

சூடேறும்வரை பொறுங்கள்

1904இல் இங்கிலாந்தில் ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங் இரண்டு மின்முனைகள் கொண்ட வெற்றிடக் குழாயைச் செய்தார். இரண்டே ஆண்டில் அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் அதற்குள் மூன்றாவதாக ஒரு மெல்லிய கம்பியைச் செருகினார். அதன் பெயர் கிரிட். கால்வாய் மதகு மாதிரி அது வேலை செய்கிறது: லேசாக ஏற்றி இறக்கினாலே பாயும் ஓட்டம் பெரிதாகக் கூடும், குறையும். கிட்டாரிலிருந்து வரும் ஒரு வோல்ட்டுக்கும் குறைவான சிக்னல், படிப்படியாகப் பெருகி, கடைசி வால்வுகளில் இருக்கும் 400, 500 வோல்ட்டை ஆட்டிவைப்பது இப்படித்தான்.

வால்வுக்குள் இருக்கும் கேத்தோடு என்ற மின்முனை சூடானால்தான் எலக்ட்ரான் கிளம்பும். அந்தக் கால வால்வு ரேடியோவைத் திருகிவிட்டுப் பாட்டு வரும்வரை வீடே காத்திருந்தது அதனால்தான். வால்வு ஆம்ப்பைப் போடுகிறவர் இன்றைக்கும் அதே போலக் காத்திருக்கிறார்.

முறியும் இடம்

12ஏஎக்ஸ்7 என்பது கட்டைவிரல் பருமனுள்ள ஒரு சிறிய வால்வு. ஐரோப்பாவில் இதையே இசிசி83 என்பார்கள். ஒரே கண்ணாடிக்குள் இரண்டு வால்வுகள் அடங்கியது. ஒவ்வொன்றின் பெருக்க எண்ணும் 100. ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்கு ஊட்டி, அதை இன்னொன்றுக்கு ஊட்டிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் வால்வால் தாங்க முடியாது. அலையின் உச்சி மழுங்கும். இன்ஜினியர் பார்வையில் இது பழுது. டிஸ்டார்ஷன் என்று பெயர் வைத்து அதைத் தவிர்க்கவே படித்துப் படித்துச் சொன்னார்கள்.

ஆனால் வால்வு சட்டென்று மழுங்குவதில்லை. மெதுவாக வளைந்து, பிறகு தட்டையாகிறது. மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஒரே அளவில் மழுங்குவதும் இல்லை. அந்தச் சமமின்மையால் வாசித்த சுரத்தோடு அதன் மேல் ஸ்தாயியும் சேர்ந்து ஒலிக்கிறது. மெதுவாக மீட்டினால் தெளிவாகவும், அழுத்தி மீட்டினால் கரகரப்பாகவும் ஆம்ப் பதில் சொல்லும். கிட்டாரில் இருக்கும் வால்யூம் குமிழைக் கொஞ்சம் குறைத்தாலே கரகரப்பு வடிந்துவிடும். கையின் அழுத்தம் அப்படியே காதுக்கு வருவதுதான் இவர்களைக் கட்டிப்போடுகிறது. விலை, எடை, சூடு எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வதும் அதற்காகத்தான் என்று நான் நினைக்கிறேன்.

கிழித்தார்கள், குத்தினார்கள், காகிதம் அடைத்தார்கள்

1951இல் மெம்ஃபிஸ் நகரத்துக்கு 'ராக்கெட் 88' பாட்டைப் பதிவு செய்யப் போன ஐக் டர்னர் குழுவின் கிட்டார் ஆம்ப் வழியிலேயே சேதமானது. ஸ்பீக்கர் கூம்புக்குள் காகிதத்தைத் திணித்து வாசித்தார்கள். பதிவு செய்த சாம் ஃபிலிப்ஸுக்கு அந்தக் கரகரப்பு பிடித்துப்போனது, அப்படியே விட்டார்.

1958இல் லிங்க் ரே, 'ரம்பிள்' பாட்டுக்காக ஸ்பீக்கரில் பென்சிலால் ஓட்டை போட்டார். அது வார்த்தையே இல்லாத வெறும் வாத்திய இசை. அப்படியிருந்தும் சண்டையைத் தூண்டும் என்று சில அமெரிக்க வானொலிகள் அதைப் போட மறுத்தன.

1964இல் தி கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ், தன் சிறிய எல்பிகோ ஆம்ப்பின் ஸ்பீக்கரை பிளேடால் கீறினார். 'யூ ரியலி காட் மீ' பாட்டின் அந்த முரட்டு ரிஃப் அதிலிருந்து வந்ததுதான். இவர்களில் யாரிடமும் டிஸ்டார்ஷனுக்கென்று ஒரு கருவி இல்லை. வேண்டியது என்ன என்பது மட்டும் தெரிந்திருந்தது.

டிரம்ஸ் வாத்தியார் கடையில்

உலகத்திலேயே அதிகம் பேர் அறிந்த ராக் ஆம்ப்பை உண்டாக்கியவர் கிட்டார்காரர் இல்லை. ஜிம் மார்ஷல் டிரம்ஸ் கற்றுக்கொடுத்தவர். 1960இல் மேற்கு லண்டனின் ஹான்வெல் பகுதியில், அக்ஸ்பிரிட்ஜ் சாலையில் டிரம்ஸ் கடை திறந்தார். டிரம்ஸ் வாங்க வந்த பையன்களோடு கூடவே வந்த கிட்டார்காரர்கள் (பீட் டவுன்ஷெண்ட், ரிச்சி பிளாக்மோர் போன்றவர்கள்) எங்களுக்கும் ஏதாவது விற்கக் கூடாதா என்று நச்சரித்தார்கள். அமெரிக்க ஃபெண்டர் ஆம்ப்புகளின் விலை அப்போது இங்கிலாந்துப் பையன்களுக்கு எட்டாத உயரம்.

கடையில் ரிப்பேர் பார்த்த கென் பிரானும், இளைஞரான டட்லி கிரேவனும் ஃபெண்டர் பேஸ்மேன் ஆம்ப்பின் சர்க்யூட்டை எடுத்துக்கொண்டு, இங்கிலாந்தில் கிடைத்த பொருள்களை வைத்து 1962இல் ஒன்றைக் கட்டினார்கள். அதுதான் ஜேடிஎம் 45. ஜிம், அவர் மகன் டெர்ரி, மார்ஷல் என்ற மூன்று பெயர்களின் முதல் எழுத்துகள் அவை. பேஸ்மேனில் முதலில் இருந்த வால்வு அவ்வளவு பெருக்காத ரகம். அங்கே இசிசி83 வந்தது. திறந்த முதுகுள்ள பெட்டிக்குப் பதிலாக, நான்கு 12 அங்குல ஸ்பீக்கர்களை மூடிய பெட்டிக்குள் பூட்டினார்கள். முக்கிய மாற்றம் என்று பார்த்தால் இவ்வளவுதான். ஆனால் ஒலி வேறு ஒரு பிராணியாகிவிட்டது.

பாதியாக அறுத்த பெட்டி

தி ஹூ குழுவின் டவுன்ஷெண்டுக்கு 45 வாட் போதவில்லை. டிரம்ஸ் அடிக்கும் கீத் மூனையும் பேஸ் வாசிக்கும் ஜான் என்ட்விசிலையும் மீறித் தன் கிட்டார் கேட்க வேண்டுமே. 1965இல் 100 வாட் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்) வந்தது. கூடவே எட்டு ஸ்பீக்கர்கள் கொண்ட ஒற்றைப் பெட்டியையும் கேட்டு வாங்கினார். அதைத் தூக்கிச் சுமந்தவர்களின் முதுகு ஒடிந்தது. கடைசியில் அதையே நான்கு நான்காக இரண்டு பெட்டிகளாக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தினார்கள். ராக் மேடையின் அடையாளமாகிவிட்ட மார்ஷல் ஸ்டாக் இப்படிப் பிறந்தது. மேடைக்குப் பின்னால் வியர்வை சிந்துகிறவர்களின் புலம்பல் ஒரு காலகட்டத்தின் தோற்றத்தையே தீர்மானித்திருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

பெயர்ப் பொருத்தம்

ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் முழுப்பெயர் ஜேம்ஸ் மார்ஷல் ஹெண்ட்ரிக்ஸ். அவருக்கு டிரம்ஸ் வாசித்த மிட்ச் மிட்செல், ஜிம் மார்ஷலிடம் டிரம்ஸ் கற்றவர், சனிக்கிழமைகளில் அந்தக் கடையிலேயே வேலை பார்த்தவர். ஹெண்ட்ரிக்ஸை மார்ஷலிடம் கூட்டிவந்ததும் அவர்தான்.

வெட்டுப்பட்ட இரண்டு விரல்கள்

பர்மிங்ஹாம். பதினேழு வயது டோனி ஐயோமி தகரத் தொழிற்சாலையில் வேலையை விடும் கடைசி நாள். இயந்திரம் அவருடைய வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனிகளையும் எடுத்துவிட்டது. அவர் இடது கைக்காரர். தந்தியை அழுத்துவது அந்த வலது கைதான்.

ஃபோர்மேன் ஒருவர், தீவிபத்தில் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகும் வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கச் சொன்னார். ஐயோமி ஒரு பிளாஸ்டிக் சோப்புத் திரவ பாட்டிலை உருக்கி விரல் தொப்பிகள் செய்தார். மேலே தோல் ஒட்டினார். கனத்த தந்தியை அந்த விரல்களால் வளைக்க முடியாது. ஆகவே மெல்லிய தந்திகளைத் தேடினார். முதலில் கிடைத்தவை பாஞ்சோ தந்திகள். பிறகு சுருதியையே இறக்கினார். அவருடைய பிளாக் சபாத் குழுவின், 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் ஒன்றரை டோன் இறக்கி, தந்தியின் இழுவையைக் குறைத்து வாசித்த பாட்டுகள் இருக்கின்றன. அந்த இருண்ட, தாழ்ந்த ஒலியை ஹெவி மெட்டல் அப்படியே சொத்தாக எடுத்துக்கொண்டது.

ஆம்ப்? அதே ஊர்ச் சரக்கு. லிண்டன் லேனி என்ற இளைஞர் 1967இல் பர்மிங்ஹாமில் தொடங்கிய லேனி நிறுவனத்தின் 100 வாட் ஹெட். தாழ்ந்த ஒலி குழம்பிப்போகாமல் இருக்க, மேல் ஒலிகளை மட்டும் தூக்கிவிடும் சிறிய ரேஞ்ச்மாஸ்டர் பெட்டியை அதற்கு முன்னால் வைத்தார். பிளாக் சபாத்தின் முதல் ஆல்பம் வெளியான தேதி 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை.

ச–ப–ச

ஹெவி மெட்டலின் உயிர்நாடியான பவர் கார்டில் இருப்பது இரண்டே சுரங்கள். நம் கணக்கில் ஷட்ஜமமும் பஞ்சமமும். தம்புராவில் கேட்கும் அதே ஜோடி.

ஏன் இந்த இரண்டு மட்டும்? முறியும் வால்வுக்குள் இரண்டு சுரங்கள் சேர்ந்து போனால், அவற்றின் கூட்டலும் கழித்தலும் புதிய ஒலிகளாக வெளியே வரும். ச 110 ஹெர்ட்ஸ், ப ஏறத்தாழ 165 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 55. அதாவது, யாருமே வாசிக்காத மந்திர ஸ்தாயி ச! கிட்டாரில் இல்லாத ஆழம் ஆம்ப்பிலிருந்து கிளம்புகிறது. பஞ்சமத்துக்குப் பதில் அந்தர காந்தாரத்தை வைத்துப் பாருங்கள். இன்றைய கிட்டாரின் சம இடைவெளிச் சுருதியில் அதன் வித்தியாசங்கள் சுருதிக்குள் சரியாக அடங்காமல் உரசும், சேறாகும். நுட்பம் தெரியாததால் ராக்காரர்கள் இரண்டு சுரத்தோடு நின்றுவிட்டார்கள் என்று ஏளனமாகப் பேசுகிறவர்கள், ஒரு சூடான ஆம்ப்பில் அந்த மூன்றாவது சுரத்தைச் சேர்த்து வாசித்துப் பார்க்க வேண்டும்.

நம்பர் பிளேட்

1981இல் வந்து, அந்தப் பத்தாண்டின் மெட்டல் ஒலியையே தீர்மானித்த ஜேசிஎம் 800 ஆம்ப்புக்குப் பெயர் எங்கிருந்து வந்தது? ஜிம் சார்ல்ஸ் மார்ஷலின் கார் பதிவு எண்ணிலிருந்து.

100 வாட்டும் 50 வாட்டும்

நூறு வாட் ஆம்ப் ஐம்பது வாட் ஆம்ப்பைவிட இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும் என்று நினைப்போம். வித்தியாசம் 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும். அப்படியானால் 100 வாட் எதற்கு? கீழ் சுருதியில் தந்தியைக் கையால் அடக்கி 'ஜக் ஜக்' என்று அடிக்கும்போது கடைசி வால்வுகள் மூச்சுத் திணறாமல் இருப்பதற்கு. வீட்டு அறையில் வாசிக்க 5 வாட்டே மிகையாகத் தோன்றலாம்.

ஒரு குறும்பிலிருந்து

கலிஃபோர்னியாவில் ஆம்ப் ரிப்பேர் செய்துகொண்டிருந்த ராண்டல் ஸ்மித், நண்பரும் கிட்டார்காரருமான பேரி மெல்டனைக் கேலி செய்ய நினைத்தார். அவருடைய குட்டி ஃபெண்டர் பிரின்ஸ்டன் ஆம்ப்புக்குள் பெரிய ஆம்ப்பின் சர்க்யூட்டையும் 12 அங்குல ஸ்பீக்கரையும் ஒளித்து வைத்தார். வெளித்தோற்றம் மாறவில்லை. அதை வாசித்துப் பார்த்த கார்லோஸ் சந்தானா வியந்து சொன்ன சொல்லிலிருந்துதான் 'பூகி' என்ற பெயர் வந்தது. மேசா பூகி நிறுவனம் வளர்ந்தது.

மெட்டாலிகாவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' (1986) ஆல்பத்தில் ஒலிப்பது அந்த நிறுவனத்தின் மார்க் டூ சி பிளஸ். இன்று பழைய சி பிளஸ் ஒன்று விற்பனைக்கு வந்தால் அதன் விலையைக் கேட்டு மயக்கம் வரும்.

திருடுபோன ஆம்ப்

மெட்டாலிகா பற்றி இன்னொன்று. 1984 ஜனவரியில் பாஸ்டன் நகரத்தில் அவர்களுடைய வாத்தியங்களும் கருவிகளும் திருடுபோயின. ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் மிகவும் நேசித்த, மாற்றியமைக்கப்பட்ட மார்ஷல் ஹெட்டும் போனது. 'ஃபேட் டு பிளாக்' பாட்டின் துயரத்துக்குப் பின்னால் அந்த இழப்பும் இருக்கிறது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆம்ப்புக்காக அழலாமா என்று கேட்காதீர்கள். அதே மாடலை மறுபடி வாங்கலாம். அந்த ஒன்று கிடைக்காது.

மின்சாரத்தைக் குறைத்தவர்

1978இல் எடி வான் ஹேலன் கிட்டார் உலகத்தைத் திகைக்க வைத்தார். கையில் இருந்தது ஒரு பழைய 100 வாட் மார்ஷல். எல்லாக் குமிழ்களையும் முழுக்கத் திருகி வைத்துவிட்டு, வேரியாக் என்ற கருவியால் ஆம்ப்புக்குப் போகும் வோல்ட்டைக் குறைத்தார். 90 வோல்ட் அளவுக்கு இறக்கியதாகச் சொன்னார். வால்வு முழுக்கத் திணறும், சத்தம் மட்டும் கொஞ்சம் அடங்கும்.

1990களின் தொடக்கத்தில் பீவி நிறுவனம் அவரோடு சேர்ந்து 5150 ஆம்ப்பைக் கொண்டுவந்தது. அவர் விலகிய பிறகு பெயரை வைத்துக்கொள்ள முடியவில்லை. அதையே 6505 என்று மாற்றினார்கள். பீவி தொடங்கிய 1965, நாற்பது ஆண்டு நிறைந்த 2005 என்ற இரண்டு ஆண்டுகளின் கடைசி இலக்கங்கள் அவை. ஹார்ட் ராக் மேதைக்காகச் செய்த அந்தப் பெட்டியை டெத் மெட்டலும் மெட்டல்கோரும் தத்தெடுத்துக்கொண்டன.

நடு ஒலி மட்டும்

மோட்டர்ஹெட் குழுவின் லெம்மி பேஸ் வாசித்தார், ஆனால் கிட்டார் மாதிரி வாசித்தார். மார்ஷல் சூப்பர் பேஸ் ஆம்ப்பில் பேஸ், டிரெபிள் குமிழ்களைப் பூஜ்யத்தில் வைத்து, மிடில் குமிழை முழுக்க ஏற்றிவிடுவார். அவருக்குப் பிரியமான ஆம்ப்புக்கு 'மர்டர் ஒன்' என்று பெயர். 2008இல் மார்ஷல் அதைப் பார்த்து அவர் பெயரிலேயே ஒரு மாடல் வெளியிட்டது.

கரகரப்பே இல்லாத கரகரப்புப் பெடல்

ஐபனீஸ் டியூப் ஸ்கிரீமர் 1970களின் கடைசியில் ஜப்பானில் வந்த பச்சைப் பெட்டி. அதற்குள் வால்வு கிடையாது. மெட்டல்காரர்கள் அதன் டிரைவ் குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோய், லெவலை முழுக்க ஏற்றி, ஏற்கெனவே கொதிக்கும் ஆம்ப்புக்கு முன்னால் வைக்கிறார்கள். ஏன்? அந்தப் பெடல் கீழ் ஒலிகளைச் சீவிவிடும். சீவிய சிக்னல் ஆம்ப்புக்குள் போகும்போது 'ஜக்' என்ற அடி குழையாமல் கறாராக விழும். தாழ்ந்த ஒலியைப் பெரிதாக்க முதலில் தாழ்ந்த ஒலியைக் குறைக்க வேண்டும் என்பதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். ஒருமுறை கேட்டால் போதும்.

ஆம்ப் பெயரில் ஒரு குழு

'லூயி லூயி' பாட்டால் புகழ்பெற்ற தி கிங்ஸ்மென் குழுவில் பேஸ் வாசித்த நார்ம் சுண்ட்ஹோம், தன் ஆம்ப் போதவில்லை என்று சகோதரரோடு சேர்ந்து அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் தொடங்கிய நிறுவனம் சன். அதன் சின்னம் ஒரு வட்டமும் அதிலிருந்து கிளம்பும் அலைகளும். 1998இல் ஸ்டீஃபன் ஓமாலியும் கிரெக் ஆண்டர்சனும் தொடங்கிய குழு, பெயரையும் சின்னத்தையும் சேர்த்தே சூட்டிக்கொண்டது. மேடையில் டிரம்ஸ் இல்லை. துறவிகளின் அங்கி அணிந்து, புகைக்குள் நின்று, ஒரே கார்டை நிமிடக்கணக்கில் ஒலிக்கவிடுகிறார்கள். அந்தக் கச்சேரியில் பழைய சன் மாடல் டி ஆம்ப்புகளை வாத்தியம் என்றுதான் சொல்ல வேண்டும். கிட்டார் அவற்றைத் தூண்டிவிடும் கருவி. நெஞ்செலும்பில் அதிர்வைக் கேட்டவர்கள் இதை மறுக்க மாட்டார்கள்.

ஸ்லீப் குழுவும் இதே குலம். ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீளும் 'டோப்ஸ்மோக்கர்' என்ற ஒற்றைப் பாட்டைப் பதிவு செய்ய, இசைத்தட்டுக் கம்பெனி கொடுத்த முன்பணத்தில் ஒரு பங்கை ஆம்ப் வாங்கவே செலவிட்டார்கள். முடித்த பாட்டைக் கேட்ட கம்பெனி வெளியிட மறுத்துவிட்டது. இன்று அது டூம் மெட்டலின் தலைமை நூல்.

எழுத்தில்லாத ஆம்ப்

1968இல் லண்டனில் கிளிஃப் கூப்பர் தொடங்கிய ஆரஞ்சு நிறுவனத்தின் 1970களின் ஆம்ப்புகள் சிலவற்றில் குமிழ்களுக்கு எழுத்தே கிடையாது. எல்லாம் படங்கள். அவர்களுக்கு ஆரம்பத்தில் ஆம்ப் கட்டிக்கொடுத்தவர் ஹடர்ஸ்ஃபீல்டின் மேட் மத்தியாஸ். அவருடைய மேட்டாம்ப் இன்னும் தனியாக நிற்கிறது.

சத்தச் சாதனை

1972இல் லண்டன் ரெயின்போ தியேட்டரில் டீப் பர்ப்பிள் 117 டெசிபலைத் தொட்டுக் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. கூட்டத்தில் மூன்று பேர் மயங்கினார்கள். 1976இல் சார்ல்டன் கால்பந்து மைதானத்தில் தி ஹூ, 32 மீட்டர் தூரத்திலேயே 126 டெசிபல். பிறகு, காதுகள் கெடுவதை ஊக்குவிக்க வேண்டாம் என்று கின்னஸ் அந்தப் பிரிவையே நிறுத்தியது. பீட் டவுன்ஷெண்டுக்குக் காதில் தீராத இரைச்சல்.

இதைத் தயவுசெய்து படித்துவிட்டுத் தாண்டிப் போகாதீர்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை தாங்கலாம் என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். ஒத்திகை அறைக்குக் கிட்டாரை மறந்து போனாலும் காதடைப்பானை மறக்காமல் கொண்டுபோங்கள்.

பத்துக்கு மேல்

1984இல் வந்த 'திஸ் இஸ் ஸ்பைனல் டாப்' படத்தில் ஒரு கிட்டார்காரரின் ஆம்ப் குமிழ் பதினொன்றுவரை போகும். சில ஆண்டுகள் கழித்து மார்ஷல், அதே பாத்திரத்தை விளம்பரத்தில் நடிக்கவைத்து, இருபதுவரை எண் போட்ட ஜேசிஎம் 900 ஆம்ப்பை விற்றது.

மிக் விமானமும் பெங்களூருவும்

1976 செப்டம்பர் 6. சோவியத் விமானி விக்டர் பெலெங்கோ தன் மிக் 25 போர் விமானத்தை ஜப்பானின் ஹகோடாட்டேயில் இறக்கித் தஞ்சம் கேட்டார். விமானத்தைப் பிரித்துப் பார்த்த அமெரிக்கர்கள் உள்ளே வால்வுகளைக் கண்டு ஆச்சரியப்பட்டார்கள். மேற்கு நாடுகள் வால்வுத் தொழிற்சாலைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலத்தில் சோவியத் நாடு விடவில்லை. இன்றைய ஆம்ப்புகளுக்கு வால்வு கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ரஷ்யாவின் சராடோவ், ஸ்லோவாக்கியாவின் சாட்சா, சீனா. பெருமளவில் செய்யும் இடங்கள் இவ்வளவே. கடையில் பல பெயர்களில் இருக்கும் பெட்டிகளைப் பிரித்தால் பாதி ஒரே சராடோவ் ஆலையிலிருந்து வந்தவையாக இருக்கும். 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதிக்குத் தடை போட்டதும் உலகம் முழுவதும் கிட்டார்காரர்கள் வால்வு வாங்கிப் பதுக்கினார்கள், விலை எகிறியது. பிறகு வரத்து மறுபடி தொடங்கியது.

நம் பக்கத்திலும் வால்வு செய்தோம். 1954இல் தொடங்கிய பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ், 1960களில் ரேடியோவுக்கான வால்வுகளைச் செய்தது. பெல் என்று அச்சிட்ட அந்தப் பழைய வால்வுகளை இன்று வெளிநாட்டுக்காரர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். தாத்தாவின் ரேடியோ பரணில் கிடந்தால் காயலான் கடைக்குப் போடுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

வால்வே வேண்டாம் என்றவர்கள்

எல்லாப் பெருமையும் வால்வுக்கே கொடுத்தால் நியாயமாகாது. பான்டெரா குழுவின் டைம்பேக் டேரல் வாசித்தது டிரான்சிஸ்டரில் ஓடும் ராண்டல் ஆம்ப். வாள் போன்ற அந்தக் கூர்மைக்கு அது அவருக்குச் சரியாக இருந்தது. ஸ்டாக்ஹோமில் தோமஸ் ஸ்கோக்ஸ்பெர்கின் சன்லைட் ஸ்டூடியோவில் என்டூம்ட் குழு 'லெஃப்ட் ஹேண்ட் பாத்' (1990) ஆல்பத்தைப் பதிவு செய்தபோது, பாஸ் எச்எம் 2 என்ற மலிவான பெடலின் நான்கு குமிழ்களையும் கடைசிவரை திருகிவிட்டார்கள். ரம்பம் அறுக்கும் ஒலி! சுவீடன் டெத் மெட்டல் என்றாலே அந்த ஒலிதான் என்றாகிவிட்டது. 1991இல் நிறுத்திய பெடலை முப்பது ஆண்டு கழித்து, 2021இல், பாஸ் நிறுவனமே மறுபடி செய்ய வேண்டியதாயிற்று.

ஆம்ப் இல்லாத அண்டார்க்டிகா

2013 டிசம்பர் 8. அண்டார்க்டிகாவில் அர்ஜென்டினாவின் கார்லினி ஆய்வு நிலையம். ஒரு சிறிய கூடாரத்துக்குள் மெட்டாலிகா வாசித்தது, சுமார் 120 பேர் கேட்டார்கள். சுற்றுச்சூழலைக் காக்க ஸ்பீக்கர் கூடாது. எல்லாரும் ஹெட்போன் வழியாகக் கேட்டார்கள். வால்வு ஆம்ப்பின் ஒலியைக் கணக்குப் போட்டு உருவாக்கும் ஃபிராக்டல் ஆக்ஸ் எஃப்எக்ஸ் கருவி அந்தப் பயணத்தில் கைகொடுத்தது. பிறகு மேடைகளிலும் அதையே வைத்துக்கொண்டார்கள். ஜெர்மனியின் கெம்பர் (2011) இன்னொரு வழி: உங்கள் ஆம்ப்பையே மைக் வைத்துக் கேட்டு நகலெடுத்துக்கொள்ளும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பதிவில் வித்தியாசம் சொல்வது கடினம். அறைக்குள் பக்கத்தில் நின்று வாசிக்கும்போதுதான் எனக்கு இன்னும் வால்வு வேண்டியிருக்கிறது.

பழையது வாங்கப் போகிறீர்களா?

வால்வின் உள் உச்சியில் கண்ணாடி மாதிரி மின்னும் வெள்ளிப் பூச்சைப் பாருங்கள். மிச்சக் காற்றை உறிஞ்ச வைத்த பேரியம் அது. அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, வால்வு செத்துவிட்டது.

ஆம்ப்பைப் போட்டு, சின்ன வால்வு ஒவ்வொன்றையும் பென்சிலின் ரப்பர் முனையால் மெல்லத் தட்டுங்கள். லேசான 'டொக்' வந்தால் சரி. மணி மாதிரி ரீங்கரித்தாலோ கீச்சிட்டாலோ அது மாற்ற வேண்டிய வால்வு. விளக்கை அணைத்துப் பெரிய வால்வுகளைக் கவனியுங்கள். நடுவில் செம்மஞ்சள் ஒளி இருக்க வேண்டியதுதான். கண்ணாடியில் நீல ஒளி படர்ந்தாலும் பயமில்லை. வெளிப்புறச் சாம்பல் நிறத் தகடே சிவந்து பழுத்தால் உடனே அணையுங்கள், பெரும்பாலும் பயாஸ் கோளாறு, அதாவது வால்வில் ஓடும் மின்னோட்டம் அளவுக்கு மிஞ்சிவிட்டது.

ஸ்பீக்கர் வயரைச் செருகாமல் ஒருபோதும் போடாதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும், ஆம்ப்பில் விலை அதிகமான உறுப்புகளில் அது ஒன்று. உள்ளே கை வைப்பதை விஷயம் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் ஆளைக் கொல்லும் வோல்ட் தங்கியிருக்கும்.

அமெரிக்காவிலிருந்து வந்த ஆம்ப் என்றால் முதுகில் 120 என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். தாங்கும் அளவுள்ள ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கைக்கு வரும்வரை பிளக்கைச் செருக வேண்டாம்.